டோக்கன் எண், பிரிவு, இடது காது, வலது காது

என் அப்பாவுக்குக் காது கேட்காது என்பது காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும். எங்கள் வீட்டு டி.வி. சத்தம் தெருமுனை வரை வரும். "உங்க நைனா நியூஸ் பாக்குறாரு போல, நாங்களும் கேட்டுக்கினோம்" என்று குழாயடியில் கேலி செய்வார்கள். கடைசி வரை தெரியாமல் இருந்த இடம் ஒன்றே ஒன்று. அவர் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த தொழிற்சாலை. காது போனது அங்கேதான் என்று அவர்களின் கணக்கிலிருந்தே காட்டிவிடலாம் என்று நான் கிளம்பினேன். ஏனோதானோ என்று செய்யவில்லை, நன்றாக யோசித்து, கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. நான் சின்னப் பெண்ணாக இருந்த காலம் முழுக்க அவர் ஹாமர் ஷாப்பில் இருந்தார். பழுக்கக் காய்ந்த இரும்பை இயந்திரச் சம்மட்டிக்குக் கீழே வைத்துப் பிடிக்கிற இடம். அவருடைய சட்டைகளில் பொறி பட்டுக் குட்டிக் குட்டி ஓட்டைகள் இருக்கும். வீட்டுக்கு வந்தால் சத்தமாகப் பேசுவார். கோபமாக இருக்கிறார் என்று நாங்கள் பயந்துபோய்ப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவோம். அவருக்கே அவர் குரல் கேட்கவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது. கடைசி மூன்று நான்கு வருஷம் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தார். "மாத்திட்டானுங்க" என்று மட்டும் சொன்னார். நாங்களும் நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டோம்.

அந்த பேக்கிங்கில் ஒரு நாள் பின்னாலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வந்தது. ஓட்டியவர் ஹாரன் அடித்தபடியே வந்திருக்கிறார். நைனா நகரவில்லை. இடுப்பை உரசிக்கொண்டு நின்றது. மறுநாள் பாதுகாப்பு அதிகாரி நைனாவைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று கை தட்டினாராம். இவர் திரும்பவில்லை. சாயந்திரத்துக்குள் கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. அதற்கப்புறமும் காலையில் ஐந்தரைக்கு எழுந்து குளித்து, சாப்பாட்டு டப்பா எங்கே என்று அம்மாவைப் பார்ப்பார். பிறகு ஞாபகம் வந்து கட்டிலில் உட்காருவார். வேலை செய்ததால் காது கெட்டது என்று நிரூபித்தால் கம்பெனிதான் வைத்தியம் பார்க்க வேண்டும், சத்தமும் வண்டியும் இல்லாத இடத்தில் வேலையும் கொடுக்க வேண்டும் என்று மனு எழுதித் தரும் குமாஸ்தா ஒருவர் சொன்னார். நிரூபிக்காவிட்டால் அவர் வெறும் காது கேட்காத மனுஷன், அவ்வளவுதான். எங்களுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். அவர் மறுபடி அந்த கேட்டுக்குள்ளே போக வேண்டும்.

முதல் மனுவுக்குக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் காது பரிசோதனைப் பதிவேடு எதுவும் தங்களிடம் இல்லை என்று ஒரே வரி. தொழிலாளர் அலுவலகத்தில் இருந்த அதிகாரி தன்மையான மனிதர். அவர் சொன்னதை நான் நல்ல யோசனை என்று தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"பொதுவா எழுதினா பொதுவாத்தான்மா பதில் வரும். எந்தப் பதிவேடு, அதுக்கு என்ன பேரு, அதுல என்னென்ன விவரம் இருக்கு, குறிப்பா எழுதிக் குடுங்க. அப்புறம் அவங்க இல்லைன்னு சொல்ல முடியாது."

எனக்கு அந்தப் பெயர் தெரியும். இனி என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு பேட்டரிக் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளியையும் சேர்த்து ஏழு பேர். சுற்றுவட்டத் தொழிற்சாலைகளில் யாரோ எப்போதோ எழுதிப்போட்டுவிட்டுப் போன மென்பொருள்களைப் பராமரிப்பதுதான் தொழில். அந்த வேலையே நைனா வாங்கிக் கொடுத்தது. அவர் தொழிற்சாலை டைம் ஆபீஸ் கிளார்க்கிடம் "என் பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிகீது சார்" என்று ஆறு மாதம் நச்சரித்து, அவர் எங்கள் முதலாளியிடம் சொல்லி நடந்தது. ஆகவே அந்தத் தொழிற்சாலையின் வேலை என் மேஜைக்கு வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அவர்களுடைய பழைய டேட்டாபேஸைப் புதியதுக்கு மாற்ற வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிவைத்த ஒரு தாள்கூடக் கிடையாது. எழுதியவர்கள் கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே இருப்பதைப் பட்டியல் போடுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

டேட்டாபேஸுக்குள் டேபிள்கள் இருக்கும், ஒவ்வொரு டேபிளிலும் தலைப்புப் போட்ட கட்டங்கள் இருக்கும், அதில் பெயரும் தேதியும் எண்ணும் வரிவரியாக ஏறும். இது பலருக்கும் தெரியும். அது தன்னைப் பற்றியே ஒரு பதிவும் வைத்திருக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. என்னிடம் எத்தனை டேபிள், எதற்கு என்ன பெயர், எதில் எத்தனை கட்டம், எந்தக் கட்டத்தில் எண் மட்டும் ஏறும், எதில் எழுத்து ஏறும், அதுவும் எத்தனை எழுத்து, எதைக் காலியாக விடலாம், எதை விடவே கூடாது. இவ்வளவையும் அது வியூ என்ற ஏற்பாட்டில் வெளியே காட்டும். சாதாரண டேபிளிடம் கேட்பதுபோலவே அந்த வியூவிடமும் கேள்வி கேட்கலாம். பொறுமையாகப் பதில் சொல்லும். ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லாது. அதற்கு வேறு அனுமதி வேண்டும். எனக்கு லாரி கேட் பாஸ் டேபிள்களுக்கு மட்டும்தான் அந்த அனுமதி இருந்தது. மற்றவற்றில் பெயரைப் பார்க்கலாம், தலைப்பைப் பார்க்கலாம். ஓட்டல் வாசலில் கரும்பலகையைப் படித்துவிட்டு வீட்டுக்கு வருவது மாதிரி.

அப்படிப் படித்துக்கொண்டு போகும்போதுதான் அந்த டேபிள் வந்தது. உயிரெழுத்தெல்லாம் உதிர்ந்துபோன ஆங்கிலப் பெயர், நடுவில் இரண்டு கீழ்க்கோடு. எட்டு கட்டங்கள். டோக்கன் எண், வருஷம், பிரிவு, இடது காது, வலது காது, பரிசோதனைத் தேதி, மருத்துவர் குறியீடு, குறிப்பு.

சாப்பிடப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது காது, எண். வலது காது, எண். இரண்டையும் காலியாக விடக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவரின் இரண்டு காதுகளும் கட்டாயம் இருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்த பதிவேடு, தன் தலைப்புகளைக் காட்டிக்கொண்டு என் முன்னால் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை வேன் வந்து நின்றதும், உள்ளே கண்ணாடிப் பெட்டியில் உட்காரவைத்துக் காதில் மாட்டி "கேக்குதா" என்று கேட்டதும் நைனா வீட்டில் சொன்ன கதை. ஹாமர் ஷாப், ஹாமர் ஷாப், ஹாமர் ஷாப் என்று வருஷா வருஷம் வரும், பக்கத்தில் இரண்டு எண்கள் மோசமாகிக்கொண்டே போகும் என்று எனக்குக் கண்ணை மூடினால் தெரிந்தது.

உள்ளேயும் கேட்டுப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு டேபிள் இல்லை என்று பதில் வந்தது. அது அந்த டேட்டாபேஸின் குணம். அனுமதி இல்லாதவரிடம் உனக்கு அனுமதி இல்லை என்று சொல்லாது, அப்படி ஒன்றே இல்லை என்றுதான் சொல்லும். வியூவைக் கேட்டால் இருக்கிறது என்கிறது, நேரே போய்க் கேட்டால் இல்லை என்கிறது, இரண்டையும் சொல்வது ஒரே வாய். எனக்கு அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

இரண்டாவது மனுவை நானே எழுதினேன். டேபிளின் பெயரைக் கீழ்க்கோடு உட்பட ஒரு எழுத்து பிசகாமல் எழுதினேன். எட்டு தலைப்புகளையும் டேபிளில் இருந்த வரிசையிலேயே எழுதினேன். என் தந்தையின் டோக்கன் எண்ணுக்கு உரிய எல்லா வரிகளையும் தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டும் என்று முடித்தேன். குமாஸ்தா படித்துவிட்டு, "இந்த மாதிரி மனு நான் பார்த்ததே இல்லம்மா" என்றார். நைனா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஆங்கிலப் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "இதுல கீதா எல்லாம்?" என்று கேட்டார். இருக்கிறது என்று தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் "என் பொண்ணு கம்ப்யூட்டர்லயே கண்டுபுட்சிட்சி" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. மேஜையில் என் மனுவின் நகல் இருந்தது.

"இந்தப் பேரு உலகத்துலயே ஒரு பத்துப் பேருக்குத் தெரியும்" என்றார். "அவங்க எல்லாருக்கும் காது நல்லாத்தான் கேக்குது."

நகலை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"நான் ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லாத. நாளைலேர்ந்து ஐஸ் ஃபாக்டரி வேலையப் பாரு."

வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்காக அவர் காலில் விழலாம். ஆனால் அந்த வேலையை ஒப்படைப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை அந்த வியூவைக் கேட்டேன். பட்டியலில் லாரி கேட் பாஸ் டேபிள்கள் நான்கு மட்டும் வந்தன. நூற்றுக்கணக்கில் இருந்தவை எல்லாம் போய்விட்டன. காது டேபிளின் பெயரைப் போட்டுக் கேட்டேன். ஒரு வரியும் இல்லை. நேரே கேட்டேன். அப்படி ஒரு டேபிள் இல்லை.

இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அனுமதியைக் குறைத்ததால் என் கண்ணுக்கு மட்டும் மறைந்துவிட்டதா, அல்லது மனுவைப் பார்த்ததும் டேபிளையே அழித்துவிட்டார்களா? இரண்டுக்கும் திரையில் வருவது ஒரே பதில். எத்தனை விதமாகக் கேட்டாலும் அதேதான். கேட்கத் தெரிந்த கேள்வி எல்லாம் கேட்டுவிட்டு, மேஜையில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன். கீழே பேட்டரிக் கடையில் யாரோ இன்வெர்ட்டருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். மாமா என்றால் சொந்தம் இல்லை, நைனாவின் தோஸ்து. கல்மண்டபத்தில் வீடு. இருவரும் ஒரே நாளில் ஒரே ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தவர்கள். மாமாவைப் பிறகு நிரந்தரமாக்கினார்கள். நைனா அப்படியே நின்றுவிட்டார். மாமா ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மூன்று பெண்கள் அவருக்கு. கடைசிப் பெண்ணின் கல்யாணத்துக்கு மாதா கோயிலில் ஓலை வாசிக்க, அதாவது பூசையில் கல்யாண அறிவிப்புப் படிக்க, ஆரம்பித்திருந்தார்கள். வேலையில் இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி.

நைனா உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டேபிளில் என்ன இருந்தது, மனுவில் என்ன எழுதினேன், இப்போது அது இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியவில்லை என்று. அது அழிந்துபோயிருந்தால் நைனாவின் வாழ்க்கையே போயிற்று என்று அழுதேன். மாமா மீன் பையைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தரையில் சொட்டியது.

"பாப்பா, அந்த டேபிளு வந்தா உங்க நைனாவுக்கு உதவாது" என்றார்.

"ஏன் மாமா?"

"ஹாமர் ஷாப்புல உங்க நைனா பேரே கெடையாது. என் பேருதான் கீது."

எனக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். அந்தக் காலத்தில் ஒப்பந்த ஆட்களுக்கு அடையாள அட்டை கிடையாது, துளை போட்ட ஒரு தகரத் தகடுதான், அதில் எண். கேட்டில் காட்டி, செக்‌ஷன் பலகையில் மாட்டிவிட்டு வேலைக்கு நிற்க வேண்டும். முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், வீட்டில் சாவு என்றால், இன்னொருவர் அவர் டோக்கனில் போவது சகஜம். ஒப்பந்தக்காரருக்கும் தெரியும். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் அவருக்குப் போதும்.

"எனக்கு சின்ன வயசுலேர்ந்தே இழுப்பு. ஹாமர் ஷாப்புல போட்டுட்டானுங்க. ஒரு வாரம் அந்தப் பொகையில இருமிக்கினே கெடந்தேன். உங்க நைனாவுக்கு பேக்கிங்கு. நீ என் டோக்கன எட்த்துக்கினு போடா மாமே, நான் அங்க பாத்துக்கறேன்னாரு. ரெண்டு நாளைக்குன்னுதான் சொன்னாரு."

"எத்தனை நாள் மாமா?"

"பதினஞ்சு வருசம்" என்றார்.

காது பரிசோதனை வேனிலும் டோக்கன் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். நைனா மாமாவின் எண்ணைச் சொல்லிவிட்டுப் போய் உட்காருவார். மாமா நைனாவின் எண்ணைச் சொல்வார். அப்புறம் ஒரு ஒப்பந்தம் வந்து, ஹாமர் ஷாப்பில் நெடுங்காலம் இருந்தவர்களை நிரந்தரமாக்கினார்கள். பட்டியலில் இருந்தது மாமாவின் எண். அடுத்த வருஷமே கைரேகை இயந்திரம் வந்தது. அவரவர் விரலை அவரவர் வைக்க வேண்டியதாயிற்று. மாமா தன் இழுப்பைக் காரணம் காட்டி ஸ்டோருக்கு மாறிக்கொண்டார். நைனா பதினைந்து வருஷம் கழித்து முதல்முறையாகத் தன் சொந்த டோக்கனில் பேக்கிங்குக்குப் போனார், கேட்காத காதோடு.

"அந்த வருசம் டெஸ்ட்டுல டாக்டரு சிரிச்சாரு பாப்பா. போன வருசம் செவிடா இருந்தியே, இப்ப கிளியரா கீதே, இன்னா மருந்து சாப்ட்டேன்னு கேட்டாரு. நல்லெண்ண உட்டேன் சார்னு சொன்னேன். அத்தயும் எழுதிக்கினாரு."

குறிப்பு என்ற எட்டாவது கட்டம் ஞாபகம் வந்தது. இருநூறு எழுத்து, காலியாக விடலாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். மாமாவும் அழுதார்.

உள்ளே போய் நைனாவிடம் ஆத்திரம் தீரக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவரிடம் எதைக் கேட்டாலும் கத்திக் கேட்க வேண்டும், கத்தினால் தெருவுக்கே தெரிந்துவிடும், தெருவில் அதே தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். பெற்ற அப்பாவோடு சண்டை போடக்கூட எனக்கு வழியில்லை. போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அவர் போனைத் தள்ளிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மாமாவைப் பார்த்தார். புரிந்துவிட்டது. பதில் சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும் மாமா ஓடிப்போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்தினார். டி.வி. சத்தத்தை அம்மா இன்னும் கூட்டிவைத்தாள்.

"நீதானே சொன்னே, கம்ப்யூட்டர்ல காது எழுதி கீதுன்னு" என்றார் நைனா. "வேன்ல குந்துனது நானு. டெஸ்ட்டு பண்ணது என் காதத்தானே. டோக்கன் யார்துன்னா இன்னா? மெசினுக்கு தெரியாதா அது யார் காதுன்னு?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவ்வளவு நாளும் அப்படித்தான் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் எட்டுத் தலைப்புகளையும் எழுதிக் காட்டியபோது, இடது காது வலது காது என்று பார்த்ததும், அந்த இரண்டும் தன்னுடையவை என்று இயந்திரத்துக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்த நானும் அந்தத் தலைப்புகளைப் பார்த்து அதையேதான் நம்பினேன்.

மாமா, தான் வந்து உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். நான் அதையும் போனில் தட்டிக் காட்டினேன். நைனா மாமாவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ சொன்னா உன் வேல பூடும். ஓலை படிச்சிகினு கீறானுங்க கோயில்ல. பொத்திக்கினு இரு."

அம்மா மீனைக் கழுவப் போனாள்.

மறுநாள் மனுவைத் திரும்ப வாங்கலாமா என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். வாங்கினால் அத்தோடு எல்லாம் முடிந்தது, மறுபடி வாயே திறக்க முடியாது என்றார். பதிவேடு இல்லை என்று கம்பெனி மறுபடி சொன்னால் மட்டும் அரசு டாக்டரின் சான்றிதழையும் நைனாவின் வாக்குமூலத்தையும் வைத்துப் பேசிப் பார்க்கலாம், அதில் கொஞ்சம் வழி இருக்கிறது என்றார். ஆக, அந்த டேபிள் இல்லாமல் போயிருந்தால்தான் எங்களுக்கு நல்லது. போன வாரம் வரை அது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள், அந்த வாரம் திருவொற்றியூர் கோயிலில் நின்றுகொண்டு, சாமி, அதை அழித்திருக்க வேண்டும், ஒரு வரிகூட மிச்சம் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஐஸ் ஃபாக்டரி வேலைக்கு நடுவில் பழைய லாகின் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கேட்டேன். அப்படி ஒரு டேபிள் இல்லை என்றது. தினமும் காலையில் போய் ஒரு தடவை அதைக் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பிப்பேன். அது சொல்வதில் எனக்குத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று தெரிந்தேதான் கேட்டேன்.

விசாரணை அன்றைக்கு நைனா வேலைக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மாமா அரை நாள் லீவு போட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கம்பெனி சார்பில் வந்தவள் என் வயதுப் பெண். கோப்பைத் திறந்து இரண்டு தாள்களை அதிகாரியிடம் கொடுத்தாள். எனக்கும் ஒரு நகல் கொடுத்தாள்.

டோக்கன் எண், வருஷம், பிரிவு, இடது காது, வலது காது, பரிசோதனைத் தேதி, மருத்துவர் குறியீடு, குறிப்பு. நான் மனுவில் எழுதிய அதே வரிசை. நான் முதன்முதலாக அந்தக் கட்டங்களுக்குள் இருப்பதைப் பார்த்தேன். பேக்கிங், பேக்கிங், பேக்கிங் என்று பதினைந்து வரி. பக்கத்தில் நல்ல காது, நல்ல காது. மாமாவின் காது. கடைசி சில வரிகளில் மட்டும் எண்கள் தடாலென்று கெட்டிருந்தன.

அதிகாரி விரலை வைத்துப் படித்தார். அவருக்கும் வருத்தம்தான். "பேக்கிங்ல சத்தமே கிடையாதேம்மா. பதினஞ்சு வருஷம் நல்லா இருந்திருக்கு, அப்புறம் ஒரே வருஷத்துல போயிருக்கு. வேலையாலன்னு எப்படிச் சொல்றது? வேற ஏதோ உடம்புக்கு வந்திருக்கு. நீங்க கேட்ட எட்டு விவரமும் இருக்கு, ஒண்ணுகூட விடல. ஆட்சேபணை இருந்தா கீழே எழுதுங்க."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். குரலில் கபடம் இல்லை. "மேடம், முன்னாடி இல்லைன்னு நாங்க சொன்னது வேணும்னு சொன்னதில்ல. இப்படி ஒரு டேபிள் இருக்கறதே அங்க யாருக்கும் தெரியாது. உங்க மனுவுல பேரு இருந்ததாலதான் தேடி எடுக்க முடிஞ்சது. தேங்க்ஸ்."

அவளை அறையலாம் போல இருந்தது. என்னையும்.

மறைக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறார்கள். நான் சும்மா இருந்திருந்தால் அது அங்கேயே யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கும், நைனாவின் வாக்குமூலத்துக்குக் கொஞ்சமாவது மதிப்பு இருந்திருக்கும். பெயர் சொல்லி, தலைப்புச் சொல்லி, வரிசை சொல்லி, நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பேனாவைக் கையில் வாங்கினேன். டோக்கன் மாறியது என்று எழுத இரண்டு சொல் போதும். நைனாவுக்கு அங்கே பேசியது ஒன்றும் கேட்கவில்லை. என் பேனா முனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் மாமா எழுந்து நின்றிருந்தார், ஒரு கால் உள்ளே வைத்தபடி. நைனா அவரைப் பார்த்துவிட்டார். கையை இடுப்புயரத்தில் நீட்டி, உட்கார் என்று கீழே அமர்த்திக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

ஆட்சேபணை இல்லை என்று எழுதினேன். அவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

வெளியே சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. பின்னால் இருப்பவர்கள் ஹாரனை விடாமல் அடித்தார்கள். மாமாவும் நானும் காதைப் பொத்திக்கொண்டோம். நடுவில் நைனா கையை வீசிக்கொண்டு நடந்தார்.

"இன்னா எழுதனே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் எழுதல நைனா."

கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "கரீட்டு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் என் கையிலிருந்த தாளைக் காட்டி மறுபடி கேட்டார்.

"என் காது கீதா அதுல?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். நான் பொய் சொல்லவில்லை. பதினைந்து வருஷத்துக்கும் ஒவ்வொரு வரியாக அந்த டேபிளில் இருக்கிறது, மாமாவின் டோக்கன் எண்ணுக்கு நேராக. அந்த வரிகளைக் கேட்டு மனுப் போட எனக்கு வழியில்லை.